பாங்காக் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பாங்காக்கில் மூன்று நாள், நான்கு நாள் தங்கப் போகிறவர்களின் திட்டத்தை வாங்கிப் பார்த்தால் ஒரே கோளாறு திரும்பத் திரும்பக் கண்ணில் படும். காலையில் அரண்மனை, மதியம் சியாம் மால், மாலையில் வாட் அருண் கோயில் ('வாட்' என்றால் கோயில்), இரவு சுகும்வித் என்று எழுதி வைத்திருப்பார்கள். மேப்பில் எல்லாம் பக்கத்தில்தான் தெரியும். மாலை ஐந்து மணிக்கு டாக்ஸியில் ஏறி உட்கார்ந்தால்தான் அந்த ஆறேழு கிலோமீட்டரின் நீளம் புரியும்.

அரண்மனை, வாட் போ, எதிர்க்கரையில் வாட் அருண் என்று பழைய நகரம் சாவோ பிரயா ஆற்றை ஒட்டி இருக்கிறது. சியாம், சுகும்வித், சிலோம் எல்லாம் அதற்குக் கிழக்கிலும் தெற்கிலும், 1999இல் ஓடத் தொடங்கிய பிடிஎஸ் வான்ரயிலை ஒட்டி இருப்பவை. ஒரு நாளை ஆற்றுக்கு, இன்னொரு நாளை ரயிலுக்கு என்று ஒதுக்குங்கள். பாதி அலைச்சல் போய்விடும். ஓட்டலை எடுக்கும்போதும் நீச்சல் குளத்தைப் பார்ப்பதற்கு முன் ரயில் நிலையம் எத்தனை நிமிட நடை என்று பாருங்கள். காவ்சான் தெருவில் அறை மலிவுதான், ஆனால் பக்கத்தில் ரயில் கிடையாது.

ஆற்றுக்குப் போக சபான் தக்சின் நிலையத்தில் இறங்கினால் கீழேயே சத்தோன் படகுத்துறை. அங்கே சுற்றுலாப் படகின் டிக்கெட்டைத்தான் முதலில் கையில் திணிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் வேலைக்குப் போவது ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில். கட்டணம் இருபது பாட்டுக்குள் (பாட் அந்த நாட்டுக் காசு) முடிந்துவிடும், காற்றும் அதே காற்றுதான். எம்ஆர்டி சுரங்க ரயிலில் சனம் சாய் நிலையத்தில் இறங்கினாலும் வாட் போவுக்கு நடந்து போய்விடலாம். பிடிஎஸ்ஸுக்கும் எம்ஆர்டிக்கும் டிக்கெட் தனித்தனி. ஒன்றின் டே பாஸை இன்னொன்றின் கதவில் வைத்துத் தேய்த்துப் பயனில்லை.

இனி அரண்மனை. வாசலுக்குச் சற்று முன்னால், நல்ல சட்டை போட்ட ஒருவர் தானாக வந்து பேசுவார். "இன்று அரண்மனை மூடல், பூஜை நடக்கிறது, மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள்" என்பார். கூடவே ஒரு துக்-துக், அதாவது அவர்களுடைய ஆட்டோ, தயாராக நிற்கும். இருபது பாட்டுக்கு மூன்று கோயில் காட்டுவதாகச் சொல்லி, கடைசியில் ரத்தினக்கல் கடையிலோ தையல் கடையிலோ கொண்டுபோய் இறக்குவார்கள். பல பத்தாண்டுகளாக நடக்கும் ஏமாற்று இது. இன்றும் ஆள் சிக்குகிறது என்பதுதான் வேடிக்கை. யார் என்ன சொன்னாலும் டிக்கெட் கவுன்டர்வரை நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள். காலை 8:30க்குத் திறந்து பிற்பகல் 3:30க்கு டிக்கெட்டை நிறுத்திவிடுவார்கள். வெளிநாட்டவருக்கு 500 பாட். அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டை, கிழிசல் ஜீன்ஸ் எதற்கும் அனுமதியில்லை.

உள்ளே போனவர்கள் செய்யும் தவறு வேறு. தங்கக் கோபுரத்தோடு படம் எடுத்துக்கொண்டு, மரகத புத்தரை ஒரு கும்பிடு போட்டுவிட்டு அரை மணியில் வெளியே வந்துவிடுகிறார்கள். அரண்மனைக்குள் இருக்கும் அந்த மரகத புத்தர் கோயிலைச் சுற்றி ஓடும் பிராகாரச் சுவரில் 178 ஓவியங்களாக முழு ராமாயணமும் விரிந்திருக்கிறது; தாய்லாந்தின் ராமகியன். நம் அனுமன் பிரம்மச்சாரி. அங்கேயோ ஆள் பெரிய காதல் மன்னன். சேது கட்டும்போது தடுக்க வந்த ராவணன் மகளான மீன்கன்னி சுவர்ணமச்சாவையே மயக்கிவிடுகிறார். கம்பனைக் கேட்டு வளர்ந்த யாருக்கும் அந்தச் சுவர் ஓரம் ஒரு மணி நேரம் போதாது. அப்படியே கிழக்கே போனால் வாட் சுதாத் வாசலில் இருபது மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் சிவப்பு ஊஞ்சல் கம்பம். இங்கே ஊஞ்சல் ஆடுவது 1935இல் நின்றுபோனது. ஆனால் அது சேர்ந்த அரசவைப் பிராமணர்களின் விழாவுக்குத் திரியம்பாவை என்று பெயர். நம் திருவெம்பாவைதான் கடல் கடந்து போயிருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு மாலுக்கு ஓடுவானேன்?

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "கறி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. நாம் உப்புப் போடுகிற இடத்தில் அவர்கள் மீன் சாஸ் ஊற்றுவார்கள். பப்பாளிச் சாலடில் காய்ந்த இறால் கிடக்கும். "ஜே" என்று சொல்லுங்கள்; சுத்த சைவத்துக்கு அங்கே அதுதான் பெயர். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடைகளில் முட்டை, பால், பூண்டுகூட இருக்காது. இட்லி, சப்பாத்தி தேடித்தான் ஆகவேண்டும் என்றால் பஹுராத், சிலோம் பக்கம் போகலாம். ஆனால் மூன்று வேளையும் அதையே சாப்பிடுவதற்கு பாங்காக் எதற்கு?

டாக்ஸியில் ஏறும்போதே மீட்டர் போடச் சொல்லுங்கள். 35 பாட்டில் தொடங்கும். போட மறுத்தால் இறங்கி அடுத்த வண்டியைப் பிடியுங்கள். சுவர்ணபூமி விமான நிலைய வரிசையில் எடுத்தால் மீட்டருக்கு மேல் 50 பாட்டும், விரைவுச் சாலைச் சுங்கமும் நாம்தான் தர வேண்டும். அது முறைப்படி உள்ளது, அதற்காக டிரைவரோடு சண்டை போடாதீர்கள். பணம் மாற்ற அங்கேயே அடித்தளத்தில், ரயில் பக்கம் இருக்கும் கவுன்டர்களில் மேல்தளத்தைவிட நல்ல விலை கிடைக்கும். ஏடிஎம்மில் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிப்பதால் சிறுசிறு தொகையாக எடுக்க வேண்டாம்.

விளையாட்டாகவும் செய்யக்கூடாதவை சில உண்டு. அரச குடும்பத்தைப் பற்றிக் கிண்டல் பேசினால் சட்டம் கடுமை. ஒரு குற்றத்துக்கே மூன்று முதல் பதினைந்து ஆண்டுவரை சிறை. மின்சிகரெட் கொண்டுபோவது குற்றம். காலை எட்டு, மாலை ஆறு மணிக்கு ரயில் நிலையத்தில் தேசிய கீதம் ஒலித்தால் எல்லோரோடும் நின்றுவிடுங்கள்.

சதுசக் சந்தை முழுதாகத் திறப்பது சனி, ஞாயிறில்தான். உச்சி வெயிலில் தகரக் கூரைக்கடியில் நிற்கப் போகாமல் காலையிலேயே போய்விடுங்கள்.

தாய்லாந்துக்குள் நுழைய டிஜிட்டல் வருகை அட்டையை 2025 மே முதல் இணையத்தில் நிரப்பியாக வேண்டும். அதற்குக் காசு கிடையாது. கேட்கிற தளம் போலி. திரும்பும் டிக்கெட்டில் சுவர்ணபூமியா டான் முவாங்கா என்றும் பார்த்து வையுங்கள். முன்னது நகரின் கிழக்கே, பின்னது வடக்கே. மலிவு விமானங்கள் பெரும்பாலும் டான் முவாங்கிலிருந்துதான் கிளம்பும்.