முதல் ஆல்பமா? “மிக்ஸிங்ல பாத்துக்கலாம்” என்ற பேச்சை விடுங்கள்

காரைக்குடிப் பக்கம் பாப் ராக் பேண்ட் வைத்திருக்கும் தம்பிகள் முதலில் கேட்பது இதைத்தான்: “அண்ணே, ஐயா வீடு பூட்டித்தானே கிடக்கு, வளவுலயே ரெக்கார்ட் பண்ணிரலாமா?” அதற்கு முன் வளவில், அதாவது அந்தச் செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றத்தில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், வழவழப்பான பர்மா தேக்குத் தூண். எதுவும் ஒலியை உறிஞ்சாது. கையை எடுத்த பிறகும் முழக்கம் சுற்றிக்கொண்டிருக்கும்.

நாங்கள் அங்கேதான் டிரம்ஸைப் போட்டோம். ஸ்னேர் டிரம்மின் ஒவ்வோர் அடியும் அடுத்த அடிமேல் ஏறியது. யாரோ “மிக்ஸிங்ல பாத்துக்கலாம்” என்றார்கள், அதாவது பதிவான ஒலிகளைக் கலக்கும்போது சரிபண்ணிக்கொள்ளலாம் என்று; எல்லோரும் தலையாட்டினோம். இரண்டு நாள் உழைப்பு வீண். மைக்குக்குள் போன முழக்கத்தை எந்த பிளக்-இன் மென்பொருளும் சுத்தமாகப் பிரித்துத் தராது.

பிறகு நெல் மூட்டை அடுக்கும் உள்ளறைக்கு மாறினோம். சுவரோரம் இலவம்பஞ்சு மெத்தைகளை நிறுத்தி, கீழே ஜமக்காளம் விரித்து, கதவில் கம்பளி தொங்கவிட்டதும் கிக் டிரம் நெஞ்சில் இடித்தது. வளவையும் விட்டுவிடவில்லை. மெதுவான ஒரு பாட்டின் கோரஸை மட்டும், பஸ் சத்தம் அடங்கிய பிறகு, நாலு பேரும் அங்கே நின்று பாடினார்கள். ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கிதாரை ஒவ்வொரு டேக்குக்கும் முன்பு ட்யூன் செய்யுங்கள். லெவல் மீட்டர் சிவப்பைத் தொட விடாதீர்கள். உடைந்த ஒலிக்கும் மருந்து இல்லை.

அடுத்தது, நட்பையே குலைக்கும் தவறு. மெட்டு யாருடையது, வரி யாருடையது என்று எழுதி வைக்காமல் விடுவது. பாட்டு முடிந்த அன்றே, எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிடும் காலத்திலேயே, யாருக்கு எத்தனை சதவீதம் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பணம் வந்த பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் முகம் மாறிவிடும். 2012-ல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை ஒரு கம்பெனிக்கு விட்டுக்கொடுத்து எழுதினாலும் அது செல்லாது. இது தெரியாமலே பல பேர் கையெழுத்துப் போடுகிறார்கள், எனக்கு வயிறெரிகிறது. பழைய சினிமாப் பாட்டை நீங்களே வாசித்து ஆல்பத்தில் சேர்ப்பதற்கும் உரிமை வாங்க வேண்டும்.

மாஸ்டர், அதாவது வெளியிடத் தயாரான இறுதி ஒலிப்பதிவு, கைக்கு வந்த அன்றே வெளியிடத் துடிக்காதீர்கள். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட் குழு பரிசீலிக்க வேண்டுமானால், வெளியீட்டுத் தேதிக்குக் குறைந்தது 7 நாள் முன்பே பாட்டை அவர்களுக்கு அனுப்பியிருக்க வேண்டும். வெளியீட்டுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே, பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் விநியோகிப்பவரிடம் கொடுங்கள்.

வெளியான முதல் வாரமே எண்ணிக்கையைப் பார்த்து மனம் உடையாதீர்கள். அமெரிக்க பாப் ராக் குழுவான மரூன் 5, அந்தப் பெயரில் போட்ட முதல் ஆல்பம் 2002 ஜூனில் வந்தது; அமெரிக்காவில் முதல் பத்துக்குள் ஏறியது 2004-ல்தான். சிறந்த புதுமுகம் என்று கிராமி வாங்கியது 2005-ல். அவர்களில் நாலு பேர் 1997-லேயே வேறு பெயரில் ஓர் ஆல்பம் போட்டு, அது எடுபடாமல் போயிருந்தது. 2002-க்கும் 2004-க்கும் இடையில் ஊர் ஊராக வாசித்துக்கொண்டே இருந்தார்கள். உங்களுக்கும் காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை என்று கல்லூரி விழா மேடைகள் இருக்கின்றன. ஆல்பம் வருவதற்கு முன்பே தேதி கேட்டு வையுங்கள்.