மூளை ஸ்பெக்ட்ரோஸ்கோபி கோட்டைப் படிப்பது எப்படி?

மூளை எம்.ஆர்.ஐ. எடுப்பவர்களில் சிலருக்குப் படங்களோடு மேடும் பள்ளமுமாக ஒரு கோடும் வரும். அதுதான் எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோபி. படம் மூளையின் அமைப்பைக் காட்டும். கோடு அங்கிருக்கும் வேதிப்பொருட்களைக் காட்டும். அதுவும் திசுவை வெட்டி எடுக்காமலே.

1. முதலில் பெட்டியைப் பாருங்கள். எந்த இடத்தை அளந்தார்கள் என்பதை ஒரு சின்னச் சதுரம் காட்டும். அது எலும்பையோ தலைத்தோல் கொழுப்பையோ பழைய ரத்தக்கசிவையோ தொட்டிருந்தால், மேற்கொண்டு படிப்பது வீண்வேலை.

2. கீழே உள்ள எண்கள் (பிபிஎம், அதாவது எந்தப் பொருளின் சிக்னல் எங்கே விழும் என்பதைக் குறிக்கும் அளவு) வலமிருந்து இடமாக ஏறும். 4.7-இல் தண்ணீர். மற்ற பொருட்களைவிடத் தண்ணீர் பல்லாயிரம் மடங்கு அதிகம் என்பதால், அதன் சிக்னலை அமுக்கிவிட்டுத்தான் அளப்பார்கள்.

3. இப்போது மூன்று முகடுகள். 2.0-இல் என்.ஏ.ஏ. (என்-அசிட்டைல் ஆஸ்பார்ட்டேட்), நரம்பணுக்களின் அடையாளம். 3.0-இல் கிரியேட்டின், செல்லின் ஆற்றல் சம்பந்தப்பட்டது. 3.2-இல் கோலின், செல் சவ்வு சம்பந்தப்பட்டது. நலமான பெரியவர்களுக்கு என்.ஏ.ஏ.தான் உயரம். அது குறைந்து கோலின் எகிறினால் கட்டியோ என்ற சந்தேகம் வரும். ஆனால் நரம்பு உறை சிதையும் நோய்களிலும் கோலின் கூடும், அவசரப்பட வேண்டாம். வெறும் உயரத்தைப் பார்க்காமல், கிரியேட்டினோடு ஒப்பிட்ட விகிதத்தைப் பாருங்கள்.

4. அப்புறம் 1.3. எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஆக்சிஜன் போதாதபோது சேரும் லாக்டேட் இங்கேதான் இரட்டை முகடாக வரும். கொழுப்பும் இங்கேதான் வரும். எப்படிப் பிரிப்பது? எக்கோ நேரம் (டிஇ), அதாவது தூண்டியதிலிருந்து சிக்னலைப் பதிவு செய்யும் வரையான நேரம், எவ்வளவு என்று பாருங்கள். 144 மில்லிசெகண்டில் லாக்டேட் தலைகீழாகக் கவிழும். அதன் இரு முகடுகளுக்கும் இடைவெளி சுமார் 7 ஹெர்ட்ஸ். ஒரு செகண்டை ஏழால் வகுத்தால் கிட்டத்தட்ட அந்த நேரம் வரும். கொழுப்பின் சிக்னலோ அதற்குள் பெரும்பாலும் மங்கிவிடும். அதனால் 30 அல்லது 35 மில்லிசெகண்டில் எடுத்த கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

5. பிறகு, நோயோடு பொருத்துங்கள். நம் ஊரில் அடிக்கடி பார்க்கும் மூளைக் காசநோய்க் கட்டியில் கொழுப்பு முகடு பெரிதாக நிற்கும். சீழ்க்கட்டியில் 0.9-இல் அமினோ அமிலங்கள் தெரியலாம். கனவான் நோயில் (குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் அரிய பரம்பரை நோய்) என்.ஏ.ஏ. வழக்கத்தைவிடக் கூடும்.

சரி, வயதையும் பார்த்துவிடுங்கள். பிறந்த குழந்தைக்குக் கோலின் உயர்ந்தும் என்.ஏ.ஏ. தாழ்ந்தும் இருப்பது இயல்புதான்.