சிறுநீரக நோய் வந்த வயதான பூனை: வீட்டில் நடக்கும் தவறுகள்

பத்து வயதைத் தாண்டிய பூனைகளுக்கு வரும் நாட்பட்ட நோய்களில் மிகப் பரவலானவற்றில் ஒன்று சிறுநீரக நோய். ஒருமுறை அழிந்த சிறுநீரகத் திசு திரும்ப வளர்வதில்லை, அதனால் இதைக் குணப்படுத்த முடியாது. ஆனால் அதன் வேகத்தைக் குறைக்க முடியும். நடுக்கட்டத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டு, நல்ல கவனிப்பும் கிடைத்தால், பூனை ஆண்டுக்கணக்கில் நிம்மதியாக வாழ்கிறது. அந்தக் கவனிப்பின் பெரும்பகுதி மருத்துவமனையில் அல்ல, வீட்டில்தான் நடக்கிறது.

வீட்டில் நடக்கும் தவறுகளுக்கு அக்கறைக் குறைவு காரணமில்லை. மனிதச் சிறுநீரக நோயாளியைப் பார்த்துக் கற்றதை அப்படியே பூனைக்குப் பொருத்துவதுதான் காரணம். நம் குடும்பங்களில் யாராவது ஒருவருக்கு டயாலிசிஸ் நடந்திருக்கும். தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னது, பருப்பையும் கறியையும் குறைத்தது, காய்கறியை வேகவைத்து நீரை வடித்தது எல்லாம் நினைவில் இருக்கும். பூனைக்கு நோய் என்றதும் அந்த நினைவே வழிகாட்டியாகிவிடுகிறது. பல இடங்களில் அது நேர் எதிர்த் திசையில் கொண்டுபோய்விடுகிறது.

தண்ணீரைக் குறைப்பது

பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை, வறண்ட நிலத்து விலங்கு. குறைவான நீரில் வாழ்வதற்காகச் சிறுநீரை மிகவும் அடர்த்தியாக்கி வெளியேற்றும் உடல் அதற்கு வாய்த்திருக்கிறது. சிறுநீரகத்தின் மூன்றில் இரண்டு பங்கு செயலிழக்கும்போது இந்த ஆற்றல் போய்விடுகிறது. பிறகு தண்ணீர் போன்ற சிறுநீர் நிறைய வெளியேறுகிறது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் பூனை அடிக்கடி குடிக்கிறது.

ஆகவே, 'தண்ணீர் நிறையக் குடிக்கிறது, உடம்புக்கு நல்லதுதானே' என்று மகிழ்வது முதல் தவறு. ஆரோக்கியமான பூனை கிண்ணத்தருகே அதிக நேரம் செலவிடுவதில்லை. மணல் தட்டில் முன்பைவிடப் பெரிய ஈரக் கட்டிகள் தெரிந்தால் பரிசோதனைக்குப் போக அதுவே போதுமான காரணம்.

வீடெல்லாம் ஈரமாகிறது என்று இரவில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவைப்பது இதைவிடப் பெரிய தவறு. டயாலிசிஸ் நோயாளிக்குச் சிறுநீர் குறைந்துபோவதால்தான் நீருக்கு அளவு வைக்கிறார்கள். பூனையின் நிலை இதற்கு நேர்மாறு. நீரைத் தக்கவைக்க முடியாத உடலுக்கு நீரையும் மறுத்தால் ஓரிரு நாளிலேயே அது வறண்டு சரிந்துவிடும். வீட்டில் மூன்று நான்கு இடங்களில், மீசை இடிக்காத அகலமான கிண்ணங்களில், உணவுத் தட்டுக்கும் மணல் தட்டுக்கும் தள்ளித் தண்ணீர் வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் இரண்டு வேளையாவது மாற்றுங்கள்.

நெருஞ்சில் கஷாயம், சிறுபீளைச் சாறு, வாழைத்தண்டுச் சாறு ஆகியவற்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நல்லெண்ணத்தோடுதான் ஊசியில்லாத சிரிஞ்சில் புகட்டுகிறார்கள். சிறுநீர் நன்றாகப் பிரிய வேண்டும் என்பதற்காக மனிதர்கள் குடிப்பவை இவை. சிறுநீர் அளவுக்கு மீறிப் பிரிவதே சிக்கலாக உள்ள உயிருக்கு இவற்றைத் தருவதில் எந்த நியாயமும் இல்லை. தயவுசெய்து தராதீர்கள்.

வயதின் மேல் பழி போடுவது

மெலிகிறதா, வயது. மேலே ஏறவில்லையா, வயது. ரோமம் சிக்குப் பிடித்திருக்கிறதா, அதுவும் வயது. முதுமை ஒரு நோயல்ல. மெலிவுக்குச் சிறுநீரகம் காரணமாகலாம், தைராய்டு மிகையாகச் சுரப்பது காரணமாகலாம், நீரிழிவு காரணமாகலாம். தாவ மறுப்பதற்கு மூட்டுவலி காரணமாகலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் இருக்கிறது.

மெலிவைக் கண் சரியாகக் கணிப்பதில்லை, ரோமம் மறைத்துவிடும். குழந்தைகளுக்கான எடைக்கருவி ஒன்று வாங்கி வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதிவையுங்கள். 400 கிராம் என்பது நமக்கு ஒன்றுமில்லை. நான்கு கிலோ பூனைக்கு அது உடலில் பத்தில் ஒரு பங்கு. நோய் பிடிபடுவதற்குப் பல மாதங்கள் முன்பே எடை இறங்கத் தொடங்கிவிடுகிறது. அந்த நோட்டுப்புத்தகம் மருத்துவருக்கு எந்த ஸ்கேனைவிடவும் நன்றாகக் கதை சொல்லும்.

ரத்த அழுத்தத்தை யாரும் கேட்பதே இல்லை. சிறுநீரக நோயுள்ள பூனைகளில் அது அடிக்கடி உயர்கிறது. மேல் அளவு 160-ஐத் தாண்டி நீடித்தால் விழித்திரை பிரிந்து பூனை ஒரே நாளில் பார்வை இழக்கக்கூடும். கண்மணிகள் விரிந்தபடியே நிற்க, சுவரில் மோதிக்கொண்டு நடந்தால் அன்றைக்கே ஓட வேண்டும். அதற்கு முன்பே, 'பூனைக்கு ரத்த அழுத்தம் பார்ப்பீர்களா?' என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவரிடம் கருவி இல்லையென்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் விசாரித்துப் பாருங்கள்.

ஒரே எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 2.2 என்று அறிக்கை வந்ததும் வீடு கலங்கிப்போகிறது. மனிதருக்கு 1.2, 1.3 என்பதே எல்லை என்று நமக்குத் தெரியும் அல்லவா? பூனையின் அளவுகோல் வேறு. உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் ஐரிஸ் (IRIS) என்ற சர்வதேசக் கால்நடைச் சிறுநீரக அமைப்பின் வகைப்பாட்டில் 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் கட்டம், 2.9 முதல் 5 வரை மூன்றாம் கட்டம், அதற்கு மேல் நான்காம் கட்டம். 2.2 என்பது கவனிப்பைத் தொடங்க வேண்டிய எண், விடைகொடுக்க வேண்டிய எண் அல்ல.

அந்த எண்ணும் ஏமாற்றும். உடல் வறண்டிருக்கும்போது எடுத்த ரத்தத்தில் 6 காட்டியது, சலைன் ஏற்றிய சில நாள்களில் 3-க்கு இறங்கலாம். தசையெல்லாம் கரைந்த பூனையில் நோய் முற்றியிருந்தும் எண் குறைவாகவே காட்டலாம், ஏனென்றால் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தைராய்டு மிகைச் சுரப்பும் சிறுநீரக நோயை மறைக்கும். எனவே ரத்தத்தோடு சிறுநீரையும் சோதிக்க வேண்டும். பூனையின் சிறுநீர் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அதன் அடர்த்தி, 1.035-க்கு மேல் இருப்பதே இயல்பு. சிறுநீரில் புரதம், ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் நிலை தெளிவாகும். ஒரே அறிக்கையைப் பார்த்துக் கருணைக்கொலை பற்றிப் பேசத் தொடங்குவது அவசரம்.

பொட்டாசியம் என்றதும் மீண்டும் மனிதக் கணக்கு வந்துவிடும். மனித நோயாளிக்கு அது ஏறும் என்று பயப்படுகிறோம். பூனைக்கோ பெரும்பாலும் சிறுநீரோடு வெளியேறிக் குறைந்துபோகிறது. தலையை நிமிர்த்த முடியாமல் கழுத்து தொங்குவது அதன் அடையாளம். அதற்கு மருந்தாகப் பொட்டாசியமே தரப்படுகிறது, ஆனால் ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு, மருத்துவர் சொன்ன அளவில் மட்டுமே.

உணவு: எல்லாத் தவறுகளிலும் பெரியது இங்கேதான்

புரதம் சிறுநீரகத்துக்குச் சுமை என்று கேள்விப்பட்டு, மீனையும் கோழியையும் நிறுத்திவிட்டுத் தயிர்ச்சோறு போடுகிறார்கள். பூனை முழுக்க முழுக்க ஊனுண்ணி. டாரின் என்ற சத்தைத் தேவையான அளவுக்கு அதன் உடல் தானே உண்டாக்கிக்கொள்ளாது, இறைச்சியிலிருந்துதான் அது கிடைக்க வேண்டும். டாரின் குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். புரதம் குறைந்தால் பூனை தன் தசையையே கரைத்துத் தின்னும். சிறுநீரக நோய்க்கென்று தயாரிக்கப்படும் உணவுகளில் புரதம் அளவாகவும் தரமாகவும் இருக்கும், பாஸ்பரஸ் நன்றாகக் குறைக்கப்பட்டிருக்கும். நோயின் வேகத்தோடு நெருங்கிய தொடர்புள்ளது பாஸ்பரஸ்தான். எலும்போடு தரும் மீன் தலை, நெத்திலி, பால் ஆகியவற்றில் அது அதிகம். கருவாட்டில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. இவற்றைத்தான் முதலில் குறைக்க வேண்டும்.

ஆனால் எப்படிக் குறைப்பது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். மருந்துணவுப் பையை வாங்கி வந்த அன்றே பழைய உணவை நிறுத்திவிடுகிறார்கள். பூனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். 'பசித்தால் தானாகத் தின்னும்' என்று காத்திருப்பார்கள். நாய்க்குச் சில நேரம் பலிக்கும் இந்தப் பிடிவாதம் பூனையிடம் ஆபத்து. சில நாள்கள் சாப்பிடாமல் இருந்தாலே உடல் கொழுப்பெல்லாம் கல்லீரலில் வந்து குவிந்து, கல்லீரலும் செயலிழக்கத் தொடங்கும். சிறுநீரகத்தைக் காப்பாற்றப் போய்க் கல்லீரலை இழந்த கதையாகும். ஒரு முழு நாள் எதுவுமே தொடவில்லையென்றால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

என் கருத்தில் இந்த நோயில் எல்லாவற்றுக்கும் முதன்மையான விதி ஒன்றுதான்: பூனை சாப்பிட வேண்டும். சிறந்த உணவைத் தின்னாத பூனையைவிட, சுமாரான உணவைத் தின்கிற பூனை நன்றாக இருக்கும். புதிய உணவைப் பழையதோடு ஒரு சிட்டிகை கலந்து தொடங்கி, மூன்று நான்கு வாரங்களில், தேவையானால் இன்னும் மெதுவாக மாற்றுங்கள். குமட்டலோடு இருக்கும்போது மாற்றாதீர்கள். அந்த உணவின் வாசனையையும் வயிற்றுப் பிரட்டலையும் பூனை சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு எப்போதும் தொடாது.

குமட்டலைப் பிடிவாதம் என்று தவறாகப் படிப்பதும் உண்டு. ஆசையோடு தட்டருகே வந்து, முகர்ந்து, உதட்டை நக்கிக்கொண்டு திரும்பிப் போகும் பூனை அடம்பிடிக்கவில்லை. அதற்குப் பசிக்கிறது, வயிறு ஏற்கவில்லை. குமட்டலை அடக்கவும் பசியைத் தூண்டவும் நல்ல மருந்துகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். உணவை லேசாகச் சூடாக்கினால் வாசனை எழும், சாப்பிட மனம் வரும்.

எவ்வளவு முயன்றும் மருந்துணவைத் தொடாத பூனைகள் இருக்கின்றன. அப்போது அது விரும்பும் உணவையே தந்து, பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துவைக்கும் மருந்தை மருத்துவர் சேர்ப்பார். அந்த மருந்து உணவோடு கலந்தால்தான் வேலை செய்யும். வெறும் வயிற்றில் தனியாகப் புகட்டினால் வீண். குழம்பில் வெந்த மீன் துண்டைக் கழுவிப் போடுவதையும் விட்டுவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், முற்றிய சிறுநீரக நோயிலோ ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும்.

மருந்துப் பெட்டி

பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதைச் சிதைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கும். ஐபுபுரோஃபென், டைக்குளோஃபெனாக் ஆகியவை சிறுநீரகத்தையே தாக்கும். அதே நேரம், ரத்த அழுத்தத்துக்கு மனிதர்கள் போடும் அம்லோடிபைன் பூனைக்கும் தரப்படுகிறது. ஆகவே 'மனித மருந்து' என்று பொதுவாக ஒதுக்குவதும் சரியில்லை, நாமே அளவு தீர்மானிப்பதும் சரியில்லை. லில்லி மலர்களையும் செடியையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மகரந்தம் ரோமத்தில் பட்டு நக்கினால்கூட நல்ல சிறுநீரகமே பழுதாகும்.

மாத்திரையை உலர்வாகத் தொண்டையில் தள்ளிவிட்டு விட்டுவிடக் கூடாது. அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். பின்னாலேயே சிரிஞ்சில் சிறிதளவு நீர் கொடுங்கள், வாயின் பக்கவாட்டில், மெதுவாக. விருப்பமான உணவில் கசப்பு மருந்தை ஒளித்துவைத்து அந்த உணவின் மேலேயே வெறுப்பை வளர்த்துவிடாதீர்கள்.

தோலுக்கடியில் திரவம் ஏற்றுவதை மருத்துவர் கற்றுத்தந்தால் வீட்டிலேயே செய்யலாம். பெரும்பாலும் ரிங்கர் லாக்டேட் தரப்படும். ஒரு முறைக்கு 100 மில்லி அளவில் தொடங்குவது வழக்கம் என்றாலும், அளவும் இடைவெளியும் அவர் சொன்னபடியே இருக்கட்டும். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தால் பூனை அமைதியாக உட்காரும். கடையில் கிடைத்தது என்று குளுக்கோஸ் கலந்த பாட்டிலைத் தோலுக்கடியில் ஏற்றாதீர்கள், சீழ் பிடிக்கும். அதிகம் ஏற்றினால் சீக்கிரம் தேறும் என்ற எண்ணமும் வேண்டாம். இதயம் பலவீனமாக இருந்தால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும். தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு முப்பதைத் தொடர்ந்து தாண்டினால் திரவத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். இதை வீட்டில் இன்னொருவரும் கற்றுக்கொள்ள வேண்டும். ஊருக்குப் போக நேர்ந்தால் பூனை நான்கு நாள் வறண்டு கிடக்கக் கூடாது.

பூனை தேறிவிட்டது என்று மருந்தை நிறுத்துவது அடிக்கடி நடக்கிறது. தேறியதற்குக் காரணமே அந்த மருந்துதான். நான்கு மாதம், ஆறு மாதம் என்று மருத்துவர் குறித்த இடைவெளியில் பரிசோதனையும் தொடர வேண்டும்.

முடிவைத் தள்ளிப்போடுவது

ஒரு கட்டத்தில் மருந்துகள் பலன் தருவதை நிறுத்திவிடும். தானாக உண்ணாத பூனைக்கு நாள்தோறும் வலுக்கட்டாயமாக வாய்க்குள் ஊட்டுவது அப்போது பூனைக்காக அல்ல, நமக்காகவே நடக்கும். நாள்காட்டியில் ஒவ்வொரு நாளையும் நல்ல நாள், கெட்ட நாள் என்று குறியுங்கள். தானே சாப்பிட்டதா, தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொண்டதா, அழைத்தபோது பார்த்ததா, மணல் தட்டு வரை நடந்ததா என்பவை அளவுகோல்கள். கெட்ட நாள்கள் அதிகமாகிவிட்டால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இந்தப் பேச்சை நெருக்கடி வரும் வரை விட்டுவைப்பதுதான் கடைசித் தவறு. எல்லா மருத்துவர்களும் கருணைக்கொலை செய்வதில்லை, இரவில் யாரும் கிடைக்காமலும் போகலாம். பூனை நன்றாக இருக்கும்போதே கேட்டு வையுங்கள்: நீங்கள் செய்வீர்களா, வீட்டுக்கு வருவீர்களா, முதலில் மயக்க ஊசி போடுவீர்களா, நாங்கள் பக்கத்தில் இருக்கலாமா? மயக்கத்தில் ஆழ்த்திய பிறகே அடுத்த ஊசி என்று அவர் சொன்னால் பூனைக்கு வலி தெரியாது. அப்படிச் சொல்லாதவராக இருந்தால் வேறொருவரைத் தேட உங்களுக்கு அப்போது அவகாசம் இருக்கும்.