ஃபாஸ்டெமில் முதல் முறை: உரை கேட்க இடம் பிடிப்பது எப்படி?

பிரஸ்ஸல்ஸில் ஆண்டுதோறும் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ ஒரு சனி, ஞாயிறில் ஃபாஸ்டெம் நடக்கும். 2000-ல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருள்) மாநாடு. டிக்கெட் கிடையாது, பெயர் பதியவும் வேண்டாம். சிக்கலே அதுதான். ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருவார்கள், உரைகள் நடப்பதோ பல்கலைக்கழக வகுப்பறைகளில்.

1. அட்டவணையை முழுக்கப் படிக்க உட்காராதீர்கள். நூற்றுக்கணக்கில் உரைகள், எல்லாம் ஒரே நேரத்தில் பல அறைகளில். 'டெவ்ரூம்' என்று தேடுங்கள். ரஸ்ட் என்ற நிரல்மொழி, ரிஸ்க்-ஃபைவ் என்ற சிப் வடிவமைப்பு என்று ஒரு தலைப்புக்கு ஓர் அறை, அதுதான் டெவ்ரூம். ஒரு நாளைக்கு இரண்டு டெவ்ரூம் போதும்.

2. அறை எண் தொடங்கும் எழுத்துதான் கட்டடம்: ஜே, கே, எச், யு, ஏடபிள்யூ. ஜே-யில் உள்ள ஜான்சன் அரங்கில் சுமார் 1,400 பேர் உட்காரலாம், அங்கே கவலையில்லை. மற்றவை பெரும்பாலும் சின்ன அறைகள்.

3. இதுதான் முக்கியம். அறை நிரம்பியதும் கதவில் 'ஃபுல்' என்று தாளைக் காட்டிவிடுவார்கள். ஓரமாக நின்று கேட்கிறேன் என்றால் நடக்காது, தீ விபத்துப் பாதுகாப்பு விதி. முதல் வருடம் ஒரு உரை முடிந்த கையோடு கூட்டத்தில் நீந்தி அடுத்த கட்டடத்துக்கு ஓடினேன். மூச்சு வாங்கப் போய் நின்றால் கண்முன்னே அந்தத் தாள். இருபது நிமிட உரை, இருபது நிமிடமும் வெளியேதான் நின்றேன்.

நம்மூர் பஸ் மாதிரி துண்டு போட்டு வைக்கவும் முடியாது. ஒரே வழி: வேண்டிய உரைக்கு முந்தைய உரைக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். புரியாவிட்டாலும் பரவாயில்லை, எனக்குப் பிடித்துப்போன இரண்டு விஷயங்கள் இப்படி இடத்துக்காக உட்கார்ந்து கேட்டவைதான். உட்காரும்போது வரிசையின் நடுவுக்குப் போய்விடுங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் "கொஞ்சம் உள்ளே தள்ளுங்க" என்று தன்னார்வலர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

4. குறிப்பு எடுக்கிறேன் என்று எல்லாவற்றையும் எழுத வேண்டாம். உரைகளைப் பதிவு செய்து இலவசமாக இணையத்தில் போடுகிறார்கள், ஸ்லைடும் பெரும்பாலும் கிடைக்கும். தெரியாத சொல்லையும், கேட்க நினைக்கும் கேள்வியையும் மட்டும் எழுதுங்கள். கேள்வி நேரம் முடிந்துவிட்டால் பேசியவரை வராந்தாவில் பிடியுங்கள். வாசலை மறித்துக்கொண்டு மட்டும் பேசாதீர்கள், அடுத்த உரைக்கு ஆட்கள் உள்ளே வர வேண்டும்.

5. மதியச் சாப்பாட்டுக்கு வரிசை நீளும். பையில் ஒரு ரொட்டி, தண்ணீர், ஹெட்போன் வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்போன் எதற்கு என்றால், அறைக்குள் போக முடியாவிட்டாலும் அங்கே நடப்பது நேரலையில் வரும். படிக்கட்டில் உட்கார்ந்து போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். அப்புறம், குளிர் கடுமையாக இருக்கும். படிக்கட்டு கட்டடத்துக்கு உள்ளே இருக்கிறதா என்று பார்த்து உட்காருங்கள்.