கண்ணாடி மூடிதான் காரணம்

மீட்டு வந்த சிவப்புக்காது ஆமையின் ஓட்டு விளிம்பை அழுத்தினால் அமுங்கியது. தீனியும் சரியாக எடுக்கவில்லை. கால்சியத்துக்காகக் கணவாய் ஓடு போட்டேன், தீனியில் கால்சியம் பொடி தூவினேன், தண்ணீரை 26 டிகிரிக்கு ஏற்றினேன். பலனில்லை.

தொட்டியோடு வந்த யுவிபி (புற ஊதா-பி கதிர்) விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் அதன் மேல் சந்தேகமே வராது. ஆனால் அது கண்ணாடி மூடிக்கு மேலே இருந்தது. கண்ணாடி வெளிச்சத்தை விடும், யுவிபியை விடாது. யுவிபி இல்லாமல் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லாவிட்டால் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் குடல் சரியாக ஈர்க்காது. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலுக்கும் இதே கதிதான்.

மூடியை எடுத்துவிட்டு அகலக் கண்ணி வலை போட்டேன்; நெருக்கமான கொசுவலையும் யுவிபியைக் குறைக்கும். புதுக் குழல் விளக்கு, வெயில் காயும் கல்லுக்கு 30 செ.மீ. மேலே, தினம் 12 மணி நேரம். கல்லின் சூடு 32 டிகிரி. பழைய குழல் எரிந்தாலும் யுவிபி தேய்ந்துபோகும். ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும். கால்சியம் அளவை மருத்துவர் சொன்னார். தீனி முதலில் திரும்பியது, ஓடு மெதுவாகத்தான் இறுகியது.

பிறகே ஆமையை வளர்க்க ஒரு வீடு தேடினேன். பெண் ஆமை 25 செ.மீ. தாண்டலாம், 30 ஆண்டு வாழலாம், குளத்தில் விடவே கூடாது என்று சொன்னதும் பாதிப்பேர் விலகினார்கள், நல்லதுதான். எடுத்தவரிடம் வலை மூடியையும் சேர்த்தே கொடுத்தேன்.