கேலக்ஸியா பவளத்தின் ராத்திரித் தாக்குதலை நிறுத்தியது எப்படி

என் கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் அக்ரோபோரா என்ற பவளத்தின் ஒரு பக்கம் மட்டும் சதை உரிந்து வெள்ளையாகிக்கொண்டே வந்தது. உப்பு, கால்சியம், காரத்தன்மை எல்லாம் சரியாகத்தான் இருந்தன. விளக்கு அணைந்த பிறகு சிவப்பு டார்ச் அடித்துப் பார்த்தால், பக்கத்திலிருந்த கேலக்ஸியா பகலில் காட்டாத நீளமான கொட்டும் இழைகளை நீரோட்டத்தில் நீட்டி அதைத் தடவிக்கொண்டிருந்தது. இந்த இழைகள் 20 செ.மீ. தாண்டியும் போகும். அதனால் கேலக்ஸியாவை நீரோட்டம் கடைசியாகப் போய்ச் சேரும் மூலைக்கு மாற்றி, சுற்றிலும் 30 செ.மீ. காலியாக விட்டேன், பம்பின் திசையையும் திருப்பினேன். உரிவது நின்றது.

அப்புறம், லெதர் பவளம் என்ற மென்பவளம் வைத்திருப்பவர்களுக்கு இடைவெளி மட்டும் போதாது. அது தொடாமலே டெர்பீன் என்ற வேதிப்பொருளைத் தண்ணீரில் கசியவிட்டு மற்றவற்றின் வளர்ச்சியைக் கெடுக்கும். அதை உறிஞ்சி எடுக்க ஆக்டிவேட்டட் கார்பன் (வடிகட்டும் கரி) போட்டு, அந்தக் கரியைத் தவறாமல் மாற்றுங்கள்.