வெள்ளை பாட்டிலை மெதுவாக ஓட்டுங்கள்: ஐசியுவுக்குப் புதிதாக வந்திருக்கும் சிஸ்டர்களுக்கு

குளச்சலில் இருந்து வந்த ஓர் அம்மா, தன் வீட்டுக்காரருக்கு நான் பாட்டில் மாட்டுவதைப் பார்த்து, “நரம்புல பாலா ஏத்துறீங்க சிஸ்டர்?” என்று கேட்டார். குடல் ஆபரேஷன் முடிந்து, வாய் வழியாக எதுவும் கொடுக்க முடியாத நிலை அவருக்கு. “பால் இல்லம்மா, எண்ணெய். தேங்காயும் மீனும்கூட இதுல இருக்கு” என்றேன். சாளையும் தேங்காயெண்ணெயும் புழங்கும் வீடு, முகம் தெளிந்துவிட்டது.

நாகர்கோவில் ஐசியுக்களில் பதினாறு வருஷமாக, நரம்பு வழியாக ஏற்றும் இந்தக் கொழுப்பு பாட்டிலைக் (லிப்பிட் எமல்ஷன்) கையாள்கிறேன். மாட்டும் முன் லேபிளில் எந்த எண்ணெய் என்று படியுங்கள். நாம் ஏற்றும் கொழுப்பு எரிந்து சக்தியாவதோடு நிற்பதில்லை, வெள்ளை அணுக்களின் மேலுறையிலும் போய்ச் சேர்கிறது. சோயா எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம், ஒமேகா-6 வகை. உடல் அதை அராகிடோனிக் அமிலமாக மாற்றும். அதிலிருந்து சில சமிக்ஞைப் பொருள்கள் வரும். அவற்றில் புரோஸ்டாகிளாண்டின் ஈ2, கிருமியை எதிர்க்கும் டி செல்கள் பெருகுவதைத் தடுக்கும். லியூக்கோட்ரையீன் பி4, நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்களைக் கூட்டி அழற்சியைத் தூண்டும். மீன் எண்ணெயின் ஒமேகா-3 அந்த இடத்தைப் பிடித்தால், வரும் லியூக்கோட்ரையீன் பி5 வீரியம் குறைந்தது. நான்கு எண்ணெய் கலந்த ஒரு வகையில் சோயா 30, எம்சிடி 30, ஆலிவ் 25, மீன் 15 சதவீதம். எம்சிடி என்பது தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் இருந்து எடுப்பது, சீக்கிரம் எரிந்துவிடும். முட்டை, சோயா, மீன் அலர்ஜி உண்டா என்று வீட்டாரிடம் கேட்டு எழுதிவையுங்கள்.

எண்ணெய் எதுவானாலும், நம் கையில் இருப்பது வேகம். கல்லீரலின் குப்ஃபர் செல்கள்தான் ரத்தத்தில் வரும் கிருமிகளை விழுங்குகின்றன. கொழுப்புத் துளிகள் மொத்தமாக வந்து குவிந்தால் அந்தச் செல்கள் அவற்றையே விழுங்கி நிரம்பிவிடும், கிருமியைக் கவனிக்க ஆளிருக்காது. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், தாமதமாகத் தொடங்கிய பாட்டிலை டியூட்டி மாறும் முன் முடிக்க வேண்டும் என்று வேகத்தை இரட்டிப்பாக்கினார்கள். காலையில் எடுத்த ரத்தத்தில் சீரம் பால் போல வெள்ளையாக நின்றது. இன்றும் அது என் கண்ணிலேயே இருக்கிறது.

கணக்கு இதுதான். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 6.6 கிராம், அதாவது 20 சதவீத பாட்டிலில் (100 மில்லியில் 20 கிராம் கொழுப்பு) 33 மில்லி, உச்ச வரம்பு. 250 மில்லியை 12 மணி நேரத்தில் ஓட்டினால் மணிக்கு 21 மில்லிதான் வரும். பம்ப் இல்லாமல் ஓட்டவே வேண்டாம். மற்ற சத்துகளோடு கலக்காமல் தனியாக மாட்டும் கொழுப்பு பாட்டில் 12 மணி நேரத்துக்கு மேல் தொங்கக் கூடாது, கேண்டிடா போன்ற கிருமிகள் இதில் நன்றாக வளரும். மேலே மஞ்சள் எண்ணெய் பிரிந்து தெரிந்தால் அதை ஏற்றாதீர்கள். 1.2 மைக்ரான் ஃபில்டர் போடுங்கள்.

அப்புறம் மயக்க மருந்தான புரோபோஃபால். அதுவும் 10 சதவீத சோயா கொழுப்பில் கலந்து வருவதுதான். மணிக்கு 10 மில்லி ஓடினால் நாளுக்கு 24 கிராம். இதைக் கேஸ் ஷீட்டில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள், நீங்கள் சேருங்கள்.

ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு பார்க்கும்போது கொழுப்பு ஓடும் லைனில் ரத்தம் எடுக்காதீர்கள், மற்ற கையில் எடுங்கள். 400 மி.கி./டெ.லி. தாண்டினால் பம்பை நிறுத்தி உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.